செயின் பஞ்ச், ஜேப், கிஜாமி: நேராக முன்னேறி வேகமாகக் குத்துவதில் எந்தக் கலை என்ன செய்கிறது?

மரப்பொம்மை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒன்றரை வருடமாக விங் சுன் என்ற தென்சீனத் தற்காப்புக் கலையைக் கற்று வருகிறேன். போன வாரம் முதல் முறையாக வேறு கலை பயில்கிற ஒருவரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தேன். நண்பர்தான், நான்கு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறார். கையுறை, பல் கவசம், ஹெட்கார்ட் எல்லாம் போட்டுக்கொண்டு பாதி வேகத்தில்தான் ஆடினோம். எங்கள் வகுப்பில் செயின் பஞ்சில் (இரண்டு கையாலும் மாறி மாறி இடைவிடாமல் நேராகக் குத்துவது) என் வேகத்துக்கு நல்ல பேர் உண்டு, அதனால் அதையே நம்பி இறங்கினேன். முதல் குத்து அவர் கார்டில் (முகத்தைக் காக்கத் தூக்கிய கைகளில்) பட்டது, இரண்டாவது நெற்றியை உரசியது, அதோடு சரி. அவர் தன் இடப்பக்கம் ஒரு சின்ன அடி நகர்ந்தார், என் வலது விலாவில் ஒரு ஹூக் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து) இறங்கியது, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கிற ஸ்லோ மோஷன். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் சுமார் 30 ஃபிரேம் இருக்கிறது, அப்படியானால் நொடிக்கு எட்டு குத்து. வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்றாவது குத்தோடு என் கால் நின்றுவிட்டது. கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது, தாடை மேலே தூக்கியிருக்கிறது, அவர் நகர்ந்த பிறகும் நான்கைந்து குத்து அவர் முன்பு நின்ற இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

என் கேள்வி இதுதான். நேர்க்கோட்டில் முன்னேறிக்கொண்டே அடுத்தடுத்துக் குத்துவது எல்லாக் கலையிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. குத்துச்சண்டையில் டபுள் ஜேப் (முன்கை நேர்க்குத்து இரண்டு), ஒன்-டூ (முன்கையால் ஒன்று, பின்கையால் ஒன்று). கராத்தேயில் பாய்ந்து குத்துவது. சிங்யி என்ற சீனக் கலையில் பெங் சுவான் என்ற நேர்க்குத்து. இவற்றுக்குள் உண்மையில் என்ன வித்தியாசம்? என் குத்து தோற்றது அந்த உத்தியின் கோளாறா, நான் செய்த விதத்தின் கோளாறா? எந்தக் கலை பெரிது என்ற சண்டை வேண்டாம், நீங்கள் பழகியதை வைத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் ரவுண்டு எழுதியது:

பத்து வருடத்துக்கு மேல் பாக்ஸிங் பழகியவன், இப்போது சின்னப் பையன்களுக்கு பேட் (குத்து வாங்கும் மெத்தை) பிடிக்கிறேன். தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது: "அவர் முன்பு நின்ற இடத்துக்கே".

நொடிக்கு எட்டு குத்து என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் அரைக்கால் நொடி. கண்ணால் பார்த்துக் கை கால் அசைவதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய கால் நொடி ஆகும். எனவே உங்கள் குத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது, அதுவரை நீங்கள் நினைப்பது சரி. ஆனால் அவர் ஒவ்வொன்றாகத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லையே. எட்டும் ஒரே கோட்டில், ஒரே உயரத்தில், ஒரே தாளத்தில் வருகின்றன. கோட்டை விட்டு ஒரு தடவை விலகினால் எட்டுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடைத்துவிடுகிறது. எண்ணிக்கையில் எட்டு, எதிராளியின் தலைக்குள் அது ஒன்றுதான்.

நாங்கள் டபுள் ஜேப், டிரிபிள் ஜேப் போடும்போது கவனித்துப் பாருங்கள். முதல் ஜேப் கண்ணை மறைக்க. கை முழுசாகத் திரும்பி வராது, பாதி வழியில் நின்று மறுபடி போகும், அந்தப் பாதியில்தான் எதிராளி ஏமாறுவார். மூன்றாவது சில சமயம் நெஞ்சுக்குப் போகும். ஒவ்வொரு ஜேப்புக்கும் ஒரு சின்ன அடி உண்டு, முன்னங்கால் சறுக்கும், பின்னங்கால் அதே அளவு வந்து சேரும். அடி இல்லாத ஜேப்பை என் கோச் எண்ணிக்கையிலேயே சேர்க்க மாட்டார். தோள் உயர்ந்து தாடையை மூடும். விங் சுன்னில் இரண்டு தோளும் எதிராளிக்கு நேராக இருக்கும், இரண்டு முழங்கையும் நடுவில் சேர்ந்திருக்கும். நடுக்கோட்டில் கோட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் கதவு திறந்து கிடக்கிறது. உங்கள் விலாவில் விழுந்த ஹூக் அந்தக் கதவு வழியாகத்தான் வந்தது. வலது விலா என்றால் கல்லீரல், உட்காராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இன்னொன்று. பாக்ஸிங்கிலும் உங்கள் செயின் பஞ்ச் மாதிரி படபடவென்று கொட்டுவது உண்டு, ஆனால் அதற்கு வேலையே வேறு. 1987இல் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரோடு மோதிய சுகர் ரே லெனார்ட் பல ரவுண்டுகளின் கடைசி அரை நிமிடத்தில் அப்படித்தான் கொட்டினார். ஹேக்லர் அதில் விழவில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் மனதில் ரவுண்டு அவர் பெயரில் பதிந்தது, நடுவர்களில் ஒருவர் மாறி நிற்க ஸ்பிளிட் டிசிஷனில் ஜெயித்தார். அமெச்சூரில் இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. 1992 ஒலிம்பிக்கிலிருந்து பட்டன் அமுக்கிப் புள்ளி போடும் முறை வந்தது, ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு நொடிக்குள் சேர்ந்து அமுக்கினால்தான் அந்தக் குத்து கணக்கு. படபடவென்று ஆறு போட்டால் யார் எதை எண்ணுவது? அதனால் அந்தக் காலத்துப் பையன்கள் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற ஒற்றை நேர்க்குத்தாக மாற்றிக்கொண்டார்கள். ஆக, வேகக்குத்து எப்படி இருக்கும் என்பதை விதி நிறைய தீர்மானிக்கிறது.

வெறுங்கால் எழுதியது:

விதி விஷயத்தில் மேலே சொன்னவரோடு முழுக்க உடன்படுகிறேன். நான் ஷோட்டோகான் கராத்தே, போட்டிக் கும்தே (எதிராளியோடு மோதும் ஆட்டம்) ஏழெட்டு வருடம் ஆடினேன்.

எங்கள் விளையாட்டு தூரத்தின் விளையாட்டு. இருவரும் கை நீட்டினாலும் எட்டாத இடத்தில் குதித்துக்கொண்டு நிற்போம். குத்து பட்டால் ஒரு புள்ளி, நடுவர் உடனே நிறுத்திவிடுவார். அப்படி ஒரு விதி இருக்கும்போது எட்டு குத்து எதற்கு? ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. ஆனால் அந்த ஒன்று ஒன்றரை மீட்டரைக் கடந்து வர வேண்டும். கிஜாமி சுகி என்று சொல்வோம், முன்கைக் குத்து. அது பாக்ஸிங் ஜேப் மாதிரி தோன்றும், ஆனால் உடம்பு பாதிக்கு மேல் காற்றில் பறக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே பின்கைக் குத்தான கியாகு சுகி வரும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் கும்தே ஆட்டங்களைப் பார்த்தால் இது புரியும். வேகம் கையில் இல்லை, பின்னங்கால் தரையை உதைக்கிற அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

வகுப்பில் அடிப்படையாகச் சொல்லித்தரும் சன்பான் சுகி வேறு. ஓர் அடி எடுத்து வைத்து முகத்துக்கு ஒன்று, நின்ற இடத்தில் வயிற்றுக்கு இரண்டு. மூன்றுமே முழு நீளக் குத்து, ஒரு கை போகும்போது மறுகை இடுப்புக்கு இழுபடும். அந்த இழுப்புக்கு ஹிகிதே என்று பெயர். வேகத்துக்காக மட்டும் பார்த்தால் இது செயின் பஞ்சைவிட மெதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் கை இடுப்புவரை போய்த் திரும்ப வேண்டும். ஆனால் இடுப்பைத் திருப்பக் கற்றுக்கொடுப்பது அதுதான், அதனால் நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்பாரிங்கில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் ஒரு தடவையாவது அனுபவித்திருப்போம். இழுக்கிற கையில் எதிராளியின் கை அல்லது சட்டை இருந்தால்தான் அதற்கு முழு அர்த்தம் என்பது என் கருத்து.

இதே கராத்தேயில் கியோகுஷினைப் பாருங்கள். கையால் முகத்தில் குத்தக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதியால் இருவரும் நெஞ்சோடு நெஞ்சாக நின்று மார்பிலும் வயிற்றிலும் இடைவிடாமல் இடிக்கிறார்கள். அங்கே வேகத்தொடர் உண்டு, ஆனால் பாய்ச்சல் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை வேகக்குத்தில் ஒரு கலைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் என்பது, முதல் குத்து கிளம்பும்போது இருவருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான். மரப்பொம்மை நண்பரே, நீங்கள் எவ்வளவு தூரத்திலிருந்து ஆரம்பித்தீர்கள்? அதை எழுதவில்லையே.

மரப்பொம்மை எழுதியது:

வீடியோவை மறுபடி பார்த்தேன். முதல் குத்து கிளம்பும்போது என் கைமுட்டிக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் நன்றாக இரண்டு அடி இருக்கிறது. அதாவது முதல் குத்து படவே நான் ஓர் அடி உள்ளே போக வேண்டியிருந்தது, ஆனால் கை காலுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

முழங்கை உள்ளே எழுதியது:

விங் சுன் பக்கத்திலிருந்து ஒருவராவது பேச வேண்டும், அதனால் எழுதுகிறேன். இருபது வருடமாக இதில் இருக்கிறேன், இப்போது சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன்.

இரண்டு அடி தூரத்திலிருந்து செயின் பஞ்ச் போடக் கூடாது தம்பி. இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் அது கற்பித்தலில் உள்ள குறை, உங்கள் குறை இல்லை. நம் வகுப்புகள் பலவற்றில் செயின் பஞ்சை உடற்பயிற்சி மாதிரி வரிசையில் நின்று காற்றில் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். காற்று பின்வாங்காது, நகராது, திருப்பி அடிக்காது. அப்படிப் பழகிய கை, எதிரே ஆள் நிற்கும்போதும் காற்றைத்தான் குத்தும்.

நம் குத்தின் வடிவத்தைப் பாருங்கள். முட்டி செங்குத்தாக நிற்கிறது, முழங்கை கீழே தொங்குகிறது, போகிற கை மேலே, திரும்புகிற கை அதற்குக் கீழே. ஒவ்வொரு குத்தும் பயணிக்கிற தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு. பாக்ஸிங் மாதிரி தோளையும் இடுப்பையும் திருப்பி விசை எடுக்க இங்கே நேரம் இல்லை, எடுக்கவும் வேண்டாம் என்றுதான் வடிவமே அமைந்திருக்கிறது. அப்படியானால் விசை எங்கிருந்து வரும்? முழங்கைக்குப் பின்னால் உடம்பு நகர்வதிலிருந்து மட்டும்தான் வரும். உங்கள் கால் மூன்றாவது குத்தில் நின்றது என்றால், நான்காவதிலிருந்து நீங்கள் வெறும் முன்கையின் எடையைத்தான் வீசினீர்கள்.

அப்புறம், அது ஆரம்பிக்கிற உத்தியும் இல்லை. கையோடு கை தொட்டுவிட்டது, அவர் கையை பாக் சாவ் போட்டு அறைந்தோ லாப் சாவ் போட்டு இழுத்தோ ஓரம் கட்டிவிட்டோம், அவர் கால் ஒரு நொடி தடுமாறுகிறது, அந்த ஒரு நொடிக்குள் அடுத்தடுத்து மூன்று. அவ்வளவுதான். மூன்றுக்குமேல் போகிறது என்றால் முதல் மூன்றும் சரியாகப் படவில்லை என்று பொருள், நிறுத்திவிட்டு வேறு ஏதாவது செய்ய வேண்டும். சி சாவ் (கையோடு கை ஒட்டிச் செய்யும் பயிற்சி) பழகுவதே கை தொட்டவுடன் எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தோலால் தெரிந்துகொள்ளத்தான். அவர் விலகினால் நம் முழங்கையும் குதிகாலும் அவரோடு திரும்ப வேண்டும்.

என் ஆசிரியர் ஒரு பயிற்சி கொடுப்பார். ஒருவர் பேடை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடப்பார். நாம் குத்திக்கொண்டே போக வேண்டும். பேடில் 'பட் பட்' என்று சத்தம் வந்தால் தப்பு, முட்டி அறைந்துவிட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம். அமுங்குகிற மந்தமான சத்தம்தான் வர வேண்டும், பேடைப் பிடித்தவரின் குதிகால் ஒவ்வொரு குத்துக்கும் தரையில் உரச வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு 'பட் பட்' மட்டும்தான் வந்தது. ஒருநாள் அவர் என் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து, குத்துக்கு ஒரு தடவை மெதுவாகத் தள்ளிவிட்டார். கை அதே கைதான், வேகம்கூடக் கொஞ்சம் குறைந்திருந்தது, பேடைப் பிடித்தவர் இரண்டு அடி பின்னால் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அரையடி எழுதியது:

சிங்யி பற்றிக் கேட்டீர்கள், அதனால் வந்தேன். அதற்கு முன் சில வருடம் புரூஸ் லீயின் ஜீத் குன் டோவும் பழகியிருக்கிறேன்.

பெங் சுவான் சிங்யியின் ஐந்து அடிப்படைக் குத்துகளில் ஒன்று. சீன மரபின் ஐந்து மூலகங்களில் மரத்துக்குரியது என்பார்கள், அம்புக்கு ஒப்பிடுவார்கள். முட்டி செங்குத்து, முழங்கை விலாவை உரசிக்கொண்டு நடுக்கோட்டில் போகும். படத்தில் பார்த்தால் விங் சுன் குத்துக்கு உடன்பிறப்பு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு குத்துக்கு ஓர் அடி, அடி இல்லாமல் குத்து கிடையாது. முன்னங்கால் பாயும், பின்னங்கால் இழுபட்டு வந்து தரையில் அழுந்தும், அந்த அழுத்தமும் முட்டி படுவதும் ஒரே நேரம். குவோ யுன்ஷென் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆசான் அரையடி (பாதிக் காலடி) பெங் சுவானாலேயே எல்லோரையும் வென்றார் என்ற கதையை சிங்யி பழகுகிற எல்லோரும் கேட்டிருப்பார்கள். கதை எப்படியோ போகட்டும், அதில் வருகிற 'அரையடி' என்ற சொல் முக்கியம். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது காலின் அளவுதான்.

இப்போது ஜாக் டெம்ப்ஸியைப் பாருங்கள். 1919 முதல் 1926 வரை ஹெவிவெயிட் சாம்பியன். 1950இல் வெளிவந்த தன் புத்தகத்தில் நேர்க்குத்துக்கு ஒரு விளக்கம் தருகிறார்: முன்னங்காலைத் தூக்கினால் உடம்பு முன்னால் விழும், அந்த விழுகையைக் கையில் ஏற்று, கால் தரையைத் தொடுமுன் குத்து பட வேண்டும். விசைக்கோடு தோளிலிருந்து சுண்டுவிரல் முட்டிவரை ஓடுகிறது என்றும் சொல்கிறார். விங் சுன்காரர்களும் கீழ் மூன்று விரல் முட்டியால் குத்த வேண்டும் என்கிறார்கள். ஒரு பக்கம் ஹெவிவெயிட் பாக்ஸர், மறுபக்கம் தென்சீனக் கலை, இருவரும் ஏறக்குறைய ஒரே எலும்பில் வந்து நிற்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஆனால் கையுறை இல்லாமல் மண்டையில் குத்தினால் முதலில் உடைவதும் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள அந்த எலும்புதான், மறந்துவிடாதீர்கள்.

இப் மானிடம் விங் சுன் கற்ற புரூஸ் லீ டெம்ப்ஸியையும் படித்தார், வாள்வீச்சையும் ஆராய்ந்தார். 1967இல் ஜீத் குன் டோ என்று பெயர் வைத்தபோது செயின் பஞ்சை விட்டுவிடவில்லை, ஸ்ட்ரெயிட் பிளாஸ்ட் என்று வைத்துக்கொண்டார். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஏதாவது நடந்திருக்க வேண்டும். முன்கை நேர்க்குத்து பட்டு, அல்லது கண்ணுக்கு விரல் போய், எதிராளி குதிகாலில் சாய்ந்து பின்வாங்கும்போதுதான் ஓடிக்கொண்டே கொட்டுவது. நடந்தல்ல, ஓடிக்கொண்டே.

அது வேலை செய்கிறதை ஒரு தடவை பார்க்க வேண்டுமானால் 1998 அக்டோபரில் சாவோ பாலோவில் நடந்த விட்டோர் பெல்ஃபோர்ட் – வாண்டர்லெய் சில்வா எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டையைப் பாருங்கள். மொத்தம் 44 நொடி. பெல்ஃபோர்ட்டின் இடக்கை நேர்க்குத்து ஒன்று பட்டது, சில்வா நேராகப் பின்னால் போனார், பெல்ஃபோர்ட் இரண்டு கையாலும் குத்திக்கொண்டே கூண்டின் மறுபக்கம்வரை ஓடினார். செயின் பஞ்ச் உண்மைச் சண்டையில் எடுபடும் என்பதற்கு எனக்கு அதுவே போதும்.

மூன்றாம் ரவுண்டு எழுதியது:

அரையடி, நல்லா எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கடைசி வரியில் மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெல்ஃபோர்ட் போட்டது செயின் பஞ்ச் இல்லை. தோள் மாறி மாறித் திரும்புகிறது, முழங்கை உள்ளே சேர்ந்து இல்லை, அது ஒன்-டூ ஒன்-டூ என்று ஓட்டத்தில் போட்ட பாக்ஸிங். இன்னும் ஒரு விஷயம், சில்வா நேர்க்கோட்டில் பின்வாங்கினார். அவர் அரை அடி பக்கத்தில் விலகியிருந்தால் நாம் இன்றைக்கு அந்த 44 நொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நேராகப் பின்வாங்காதே என்று நான் பையன்களிடம் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான்.

அரையடி எழுதியது:

முழங்கை விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எதிராளி நேராகப் பின்வாங்கியது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். முதல் குத்து பலமாகப் பட்டால் பெரும்பாலானவர்கள் நேராகத்தான் பின்னால் போகிறார்கள், பக்கத்தில் விலகத் தலை தெளிவாக இருக்க வேண்டும். எனவே வேகத்தொடரின் தலைவிதி அதன் முதல் குத்தில் இருக்கிறது. மரப்பொம்மையின் முதல் குத்து கார்டில் பட்டது, எதிராளிக்குத் தலை தெளிவாகவே இருந்தது.

மரப்பொம்மை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காற்றில் குத்துவதை நிறுத்திவிட்டேன். முழங்கை உள்ளே அண்ணா சொன்ன பேட் பயிற்சியை வாரம் மூன்று நாள் செய்தோம், கூடவே ஒன்று சேர்த்துக்கொண்டோம்: பேடைப் பிடிப்பவர் சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு பக்கம் விலகுவார், விலகியவுடன் நான் குத்தை நிறுத்திவிட்டு முதலில் காலைத் திருப்ப வேண்டும். முதல் வாரம் அவர் விலகிய பிறகும் இரண்டு குத்து காற்றில் போனது. இப்போது ஒன்றுதான் போகிறது.

நேற்று அதே நண்பரோடு மறுபடி ஸ்பாரிங். இந்தத் தடவை தூரத்திலிருந்து ஜேப் மாதிரி ஒன்று போட்டு, அவர் அதைத் தட்டக் கையை நீட்டியபோது அந்தக் கையை அமுக்கி, காலடியோடு சேர்த்து இரண்டு குத்து. இரண்டும் பட்டன. மூன்றாவதை நானே போடவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை நிறைய அடித்தார், அது வேறு. ஆனால் அந்த இரண்டு பட்டபோது அவர் ஓர் அடி பின்னால் போனார். ஒரே சந்தேகம், வீடியோவில் என் பின்னங்கால் எப்போது வந்து சேருகிறது என்று தெரியவே இல்லை, கேமரா நெஞ்சு உயரத்தில் நேர் எதிரே இருந்தது.

முழங்கை உள்ளே எழுதியது:

நல்லது தம்பி, மூன்றாவதைப் போடாமல் நிறுத்தியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேமராவை அடுத்த முறை முழங்கால் உயரத்தில், உங்களுக்குப் பக்கவாட்டில், நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். முட்டி பேடில் அமுங்குகிற ஃபிரேமை நிறுத்திவிட்டுப் பின்னங்காலின் குதிகாலைப் பாருங்கள். அது இன்னும் பின்னால் தங்கியிருந்தால் எத்தனை ஃபிரேம் கழித்து வந்து சேருகிறது என்று எண்ணி இங்கேயே போடுங்கள், அதை வைத்துப் பேசலாம்.